ஜூஜுவாடிக் கப்பலுக்கு ஒரு கேப்டன்

பெருமாள்: ...அதாவது, கல்யாண மண்டபத்துக்கு எதுக்கு கேப்டன்னு கேக்கறீங்க?

மாதேஸ்வரன்: நான் ஒண்ணும் கேக்கலீங்க. வேலை குடுத்தா நிப்பேன்.

பெருமாள்: மண்டபம்னு சொல்லாதீங்க. கப்பல். ஜூஜுவாடி ஹைவே ஓரமா தூண் மேல நின்னா கப்பல் இல்லன்னு ஆயிடுமா? பொண்ணு மாப்பிள்ளை படியேறுறப்ப, தொப்பி போட்ட கேப்டன் சல்யூட் அடிக்கணும்.

சுகுணா: ஏங்க, அனுபவம் கேளுங்க முதல்ல. எங்கப்பா குடுத்த மாந்தோப்பை வித்து வாங்கினது. கண்டவங்க கையில விட முடியாது.

பெருமாள்: கேக்கறேன் சுகுணா... கடல்ல எத்தனை வருஷம்?

மாதேஸ்வரன்: இருபத்திரண்டுங்க.

பெருமாள்: பரவால்லையே. இதுவும் சாதாரணக் கப்பல் இல்ல. லண்டன் போய் வந்தது.

மாதேஸ்வரன்: தெரியுங்களே. ஓட்டினதே நான்தான்.

பெருமாள்: ...எதை?

மாதேஸ்வரன்: இதைத்தாங்க. ஒன்பது தடவை.

சுகுணா: இவரு ஒரு தடவைன்னுல்ல சொன்னாரு?

பெருமாள்: அது... ஒரு தடவை நல்லாத் தெரியும். மத்தது...

மாதேஸ்வரன்: ஒரு மார்கழியில கடலே உறைஞ்சு போச்சுங்க மேடம். இறங்கி, கடப்பாரையால உடைச்சுட்டே போனோம்.

பெருமாள்: யோவ்...

சுகுணா: ஏன், உறையலையா?

பெருமாள்: உறைஞ்சுது, உறைஞ்சுது. நல்லாவே உறைஞ்சுது.

சுகுணா: அப்ப பெஞ்சுக்கு அடியில மீன் கவிச்சி அடிக்குதே?

மாதேஸ்வரன்: லண்டன் மீனுங்க.

சுகுணா: ம்... இருங்க, காபி கொண்டாறேன்.

பெருமாள்: போயிட்டாளா? யாருய்யா நீ?

மாதேஸ்வரன்: பக்கத்துல பேரிகை ஊருங்க. கம்பெனியில லேத் ஓட்டிட்டிருந்தேன். ஆறு மாசம் முன்ன ஆள் குறைச்சுட்டாங்க. பொண்ணு காவியாவை காலேஜ் சேக்கணும், இந்த வேலைய விட்டா வேற இல்லீங்க. கடல் பாத்ததில்ல. கே.ஆர்.பி. அணை பாத்திருக்கேன்.

பெருமாள்: பொய் சொல்றவனை நான் வேலைக்கு வெக்கறதில்ல.

மாதேஸ்வரன்: சரிங்க. லண்டனுக்கு நான் ஓட்டலன்னு மேடம்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பறேன். அப்ப வேற யாரு ஓட்டினாங்கன்னு கேப்பாங்க...

பெருமாள்: உக்காருய்யா. ...இது கேரளாவுல ஆத்துல ஓட்டின படகு. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பத்து நிமிஷம். முப்பது வருஷம் ஆளையும் மீன்கூடையையும் ஏத்துனாங்க. தண்ணி உள்ள வர ஆரம்பிச்சதும் ஏலம் விட்டாங்க. தோப்பை வித்து இந்த ஓட்டைப் படகை வாங்கினேன்னு தெரிஞ்சா, அவ என்னை...

மாதேஸ்வரன்: என் வாயில வராதுங்க. தொப்பி என்ன சைஸு?

சுகுணா: காபி எடுத்துக்குங்க. ஏங்க, பத்து இல்ல... எட்டு நிமிஷம்.

பெருமாள்: சுகுணா...

சுகுணா: லாரியில வந்து இறங்கின அன்னிக்கே, லாரிக்காரன்கிட்ட கேட்டு அந்த ஊருக்கு போன் போட்டு விசாரிச்சுட்டேன்.

பெருமாள்: அப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

சுகுணா: சொல்லி என்ன, தோப்பு திரும்பி வருமா? லண்டன்னா எவன் நம்புவான்னுதான் ரெண்டு நாளா யோசிச்சேன். போர்க்கப்பல்னு நோட்டீஸ் அடிச்சு, அத்திப்பள்ளி வரைக்கும் கன்னடத்துலயும் ஒட்டியாச்சு. மாதேஸ்வரன், நீங்க நாளையில இருந்து குண்டடி பட்ட மாதிரி கொஞ்சம் நொண்டி நடங்க.