லைல் என்னிடம் விட்டுப்போன துப்பாக்கிகள்

எனக்குப் பால் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். காபி இப்படியே இருக்கட்டும். அந்த ஒலிப்பதிவுக் கருவியை மட்டும் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வையுங்கள், ஆபீசர். வயதாக ஆக என் குரல் சின்னதாகிக்கொண்டே வருகிறது. வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஜோலீன் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதில் பொய் இருக்காது. லைல் ஆஸ்ட்பி பெற்ற பெண், அவளுக்குப் பொய் சொல்ல வராது.

என்னை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் உங்கள் அப்பாவுக்குத் தெரியும். மொன்டானாவின் இந்தக் கோடியில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். அந்த உரிமையில் அரசாங்கம் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் சங்கத்தின் வேலை. நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் வந்தால் வாக்குச்சீட்டு தபாலில் வீடு தேடி வரும். அதில் இருக்கிற பெயர்களில் பாதி யார் எவர் என்றே உறுப்பினர்களுக்குத் தெரியாது. ஒருவர் எல்லையோரத்தில் கோதுமை போடுகிறார், இன்னொருவர் பில்லிங்ஸில் டயர் கடை நடத்துகிறார். இவர்களில் யார் உறுதியான ஆள், தலைநகரத்தில் ஒரு அரசியல்வாதி தோளில் கை போட்டுப் பேசினால் யார் குழைந்துபோவார் என்பதை அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அதற்காகத்தான் சங்கப் பத்திரிகையில் நான் எழுதுகிறேன். இன்னின்னாருக்குப் போடுங்கள், இன்னாருக்கு வேண்டாம் என்று. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்துக்கொண்டு சீட்டில் குறி போடுகிற வீடுகள் நிறைய. இதற்கு நான் சம்பளம் வாங்குவதில்லை. பொறுப்பு என்று நினைத்துச் செய்கிறேன்.

லைல் என் சிநேகிதன். மின்சாரக் கம்பெனியில் கம்பம் ஏறுகிற வேலை பார்த்தவன். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் அவன்தான். என் மனைவி டோரத்தி ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலம் முழுக்க என் மாடுகளுக்குத் தீனி போட்டவனும் அவன்தான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு அவன் மேல் வெறுப்பு இருந்தது என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. இருந்ததில்லை.

போன குளிர்காலத்தில் அவன் மனைவி மார்லிஸ் போய்விட்டாள். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், லைல் தன் பிக்கப் வண்டியை என் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் ஒரு கம்பளியில் சுற்றி அவனுடைய துப்பாக்கிகள் எல்லாம் இருந்தன. அவன் அப்பா வைத்திருந்த பழைய ஷாட்கன் உட்பட.

"கொஞ்ச நாள் இதெல்லாம் உன்கிட்ட இருக்கட்டும், வெர்ன்," என்றான்.

"ஏன், பீரோ பூட்டு கெட்டுப்போச்சா?"

"பூட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் சரியில்ல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் அதற்கு மேல் கேட்பதில்லை. கையில் மாட்டியிருந்த உறையைக் கழற்றாமலே அவன் சொன்னான்: "நானே வந்து கேட்டாலும் குடுக்காத. ஜோலீன் கூட வந்து, சரி குடுங்கன்னு அவ சொன்னா மட்டும் குடு. ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லாத."

சரி என்றேன். எல்லாவற்றையும் என் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஜோலீன் ஸ்போக்கேனிலிருந்து வந்து, அவன் வீட்டில் ஒரு தோட்டா மிச்சமில்லாமல் அள்ளிக்கொண்டு போனாள்.

வசந்தம் வந்தபோது லைல் தேறிவிட்டான். முகச்சவரம் செய்துகொண்டான். ஒரு நாய் வாங்கினான், பெயர் டாட். ஒரு நாள் ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான்.

"நான் குழுவுக்கு நிக்கப் போறேன்."

"நீயா? கூட்டத்துக்கு வந்தாலே கடைசி பெஞ்சுல தூங்குற ஆளு."

"இந்தத் தடவ தூங்கல. ஒரு விஷயம் இருக்கு. ஒவ்வொரு ஊர் கிளப்லயும் ஒரு பூட்டுன பீரோ. மனசு சரியில்லாதவன் தன்னோடத கொண்டுவந்து வெச்சுட்டுப் போகலாம். அரசாங்கம் கிடையாது, போலீஸ் கிடையாது, கேள்வியும் கிடையாது. சாவி கிளப்ல ஒரு சிநேகிதன்கிட்ட. நீ எனக்குப் பண்ணினத எல்லாருக்கும் பண்ணலாமே."

நல்ல யோசனை போலத்தான் இருக்கும், கேட்டவுடன். நான் இந்த வேலையில் நெடுநாள் இருந்தவன். இன்றைக்கு நாமாகப் பீரோ வைத்தால், நாளைக்கு அதற்கு ஒரு சட்டம் போடுவார்கள். மறுநாள் சாவியைக் கேட்பார்கள். இதை அவனிடம் சொன்னேன்.

"ஆளே செத்துட்டா உரிமைய வெச்சு என்ன பண்றது, வெர்ன்?" என்றான்.

நான் பலகாரத்தில் இன்னொரு துண்டு வெட்டித் தின்றேன். என் ஆதரவு கிடைக்காது என்பதை அவன் புரிந்துகொண்டான். கோபப்படவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

கண்காட்சி மைதானத்தில் சங்கம் நடத்தும் பான்கேக் விருந்தில் அவன் பேசினான். பேசத் தெரியாதவன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன்" என்று ஆரம்பித்து, துப்பாக்கியைச் சிநேகிதனிடம் விட்டுவிட்டுப் போன ஒரு மனிதனைப் பற்றிச் சொன்னான். அந்த மனிதன் தான்தான் என்று சொல்லவில்லை. முடித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை. பிறகு ஒரு கிழவர் எழுந்து நின்றார். பேரனை இழந்தவர். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக எழுந்து நின்றார்கள். அப்போது எழுந்த கைத்தட்டல் வெகுநேரம் அடங்கவில்லை.

என் பக்கத்தில் பான்கேக் புரட்டிக்கொண்டிருந்த டுவெய்ன், "என்ன வெர்ன், இந்த வருஷம் உன் லிஸ்ட்டுக்கு வேலை இல்லபோல. பேனாவுக்கு லீவு குடுத்துரு," என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அது என்னைப் புண்படுத்தியது என்று ஜோலீன் சொல்லியிருப்பாள். நான் அப்படி நினைக்கவில்லை. சங்கத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். உணர்ச்சிவசப்பட்டு ஓட்டுப் போட ஆரம்பித்தால் அப்புறம் சங்கம் எதற்கு?

அந்த மாதப் பத்திரிகையில் லைலுக்கு எதிராக நின்ற டயர் கடைக்காரரை ஆதரித்து எழுதினேன். கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். தன் துப்பாக்கிகளைத் தானே வைத்துக்கொள்ள முடியாமல் ஒருவர் இன்னொரு வீட்டுப் பீரோவில் கொண்டுபோய்ப் பூட்டிவைத்தார், இன்றும் அவை அங்கேதான் இருக்கின்றன, தன்னுடையதையே காக்க முடியாதவரிடம் நம்முடையதை ஒப்படைக்கலாமா என்று கேட்டேன். பெயர் எழுதவில்லை. எழுதத் தேவையிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். வேட்டை சீசனுக்கு முகாம் போடுகிறவர்கள் இந்த வருஷம் லைலைக் கூப்பிடவில்லை. துப்பாக்கிக் கடையில் அவன் நுழைந்தால் பேச்சு நின்றது. ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் ஒரு நாள் அவன் இறைச்சி கேட்டபோது டுவெய்ன் பரிமாறுகிற பெண்ணைப் பார்த்து, "அவருக்குக் கத்தி குடுக்காதம்மா, ஸ்பூன் போதும்," என்றான். கடை முழுக்கச் சிரித்தது. லைலும் சிரித்தான். தட்டைத் தொடாமல் காசை வைத்துவிட்டு எழுந்து போனான். நான் அடுத்த மேஜையில்தான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் எனக்கு போன் செய்தான்.

"நீ எழுதினதுல பொய் ஒண்ணுமில்ல, வெர்ன்."

"இல்லதான்."

"ஆனா அது நான் உன்கிட்ட சொன்னது," என்றான். வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஜோலீன் என்னைக் கூப்பிட்டாள்.

"வெர்ன் மாமா, அப்பா பழையபடி ஆயிட்டாரு. சாப்பிடவே மாட்டேங்குறாரு. போன் எடுத்தாலும் பேசாம வெச்சுக்கிட்டே இருக்காரு. சனிக்கிழமை நான் வந்து இங்க கூட்டிட்டு வந்துடறேன். அது வரைக்கும் அவர் வந்து கேட்டா குடுத்துடாதீங்க."

"கேட்டா குடுக்க மாட்டேன்மா. கவலைப்படாத."

"உங்க மேல எனக்குக் கோபந்தான் மாமா. ஆனா இதுல உங்களத்தான் நம்பியிருக்கேன்."

இது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பீரோவைத் திறந்தேன்.

நிதானமாகத்தான் செய்தேன். ஒவ்வொன்றையும் துடைத்து எண்ணெய் போட்டேன். பிறருடைய பொருளைத் திருப்பிக் கொடுக்கும்போது வந்ததைவிட நன்றாகக் கொடுக்க வேண்டும். தோட்டாக்கள் எங்கிருந்து வந்தன என்று ஜோலீன் கேட்டிருக்கிறாள், நியாயமான கேள்வி. அவை என் அலமாரியில் இருந்தவை. ஒவ்வொன்றுக்கும் பொருந்துவதாகத் தேடி எடுத்து வைத்தேன். வண்டியை இரவல் வாங்கினால் பெட்ரோல் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம். அதுபோலத்தான்.

லைல் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். அடுப்பு எரியவில்லை. நாய் அவன் காலடியில் படுத்திருந்தது. நான் எல்லாவற்றையும் கொண்டுவந்து மேஜை மேல் வரிசையாக வைத்தேன்.

அவன் வெகுநேரம் அவற்றைப் பார்த்தான். "நான் கேக்கலியே," என்றான்.

"கேக்க வேண்டியதில்ல. உன் சாமான் இது."

"ஜோலீனுக்குத் தெரியுமா?"

"இது உனக்கும் எனக்கும் உள்ள விஷயம். நீ வந்து கேட்டா குடுக்கக் கூடாதுன்னு சொன்ன. நீ கேக்கல. நான் வாக்கு மீறல."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. ரொம்ப தூரத்திலிருந்து வருகிற ஆள் யார் என்று அடையாளம் கண்டுகொள்வது போல ஒரு பார்வை.

"எடுத்துட்டுப் போயிடு, வெர்ன்," என்றான். குரல் தணிவாக இருந்தது. "தயவு பண்ணி எடுத்துட்டுப் போயிடு."

இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். அங்கே எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. கேட்டதற்கு உண்மையைச் சொல்வது என்று வந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். நான் எடுக்கவில்லை. தன் உரிமையை ஒருவன் தானே வேண்டாம் என்று சொல்வதை நான் ஏற்க முடியாது, அதற்காகத்தான் இத்தனை வருஷம் எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான்.

நாயைப் பற்றிக் கேட்டீர்கள். அதைத்தான் முதலிலிருந்தே சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆமாம், கிளம்பும்போது டாட்டைக் கூட்டிக்கொண்டு போனேன். "ரெண்டு நாள் என்கிட்ட இருக்கட்டும்," என்றேன். லைல் குனிந்து அதன் காதைத் தடவிக் கொடுத்துவிட்டு, கழுத்துப் பட்டையை என் கையில் கொடுத்தான். ஏன் கூட்டிக்கொண்டு போனேன் என்றால், ஜோலீன் சனிக்கிழமைதான் வருவாள். அதுவரை அது அந்த வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருக்குமே என்றுதான்.

எழுதிக்கொள்ளுங்கள். ஆமாம், தெரியும். நாயின் பட்டையைப் பிடிக்கும்போது தெரியும். துப்பாக்கிக்கு எண்ணெய் போடும்போதே தெரியும்.

வண்டியைத் தபால் பெட்டி வரை ஓட்டிக்கொண்டு போய், ரோட்டோரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டேன். காற்று வீட்டுப் பக்கமிருந்து வீசியது. வேலிக் கம்பியில் கருப்பு வெள்ளைப் பறவைகள் உட்கார்ந்திருந்தன. வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. அந்த வீட்டை யாரும் பூட்டியதில்லை. திரும்பிப் போக நேரம் நிறைய இருந்தது. அது இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. முதலில் நாய்தான் காதை விறைத்துக்கொண்டது. பறவைகள் எழுந்து பறந்தன. நான் வீட்டுக்குப் போய் நாய்க்குச் சாப்பாடு வைத்தேன்.

ஜோலீன்தான் போய்ப் பார்க்கும்படி ஆயிற்று. அதை மட்டும் நான் வேறு மாதிரி ஏற்பாடு செய்திருக்கலாம்.

அடக்கத்தின்போது போதகர் என்னைப் பேசச் சொன்னார். பேசினேன். நன்றாக இருந்தது என்று பலரும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். டுவெய்ன் அழுதான். சீட்டுகள் ஏற்கனவே அச்சாகிப் போயிருந்ததால் லைலின் பெயரை எடுக்க முடியவில்லை. எண்ணிப் பார்த்தபோது அவன்தான் ஜெயித்திருந்தான். டயர் கடைக்காரர் பக்கத்தில்கூட வரவில்லை. இறந்துபோன ஆள் என்று தெரிந்தும் போட்டிருக்கிறார்கள். அனுதாபம். அடுத்த தேர்தலில் சரியாகிவிடும்.

காலியான இடத்தைக் குழுவே நிரப்பலாம் என்று விதி இருக்கிறது. யாரைப் போடலாம் என்று வழக்கம்போல என்னைத்தான் கேட்டார்கள். யோசித்துப் பார்த்து ஜோலீனின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். பொறுப்பான பெண், அப்பாவின் சாயல் நிறைய. பத்திரிகையில் அவளைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். அவள் இன்னும் என் போனை எடுக்கவில்லை. நீங்கள் அவளைப் பார்ப்பீர்கள் அல்லவா, ஆபீசர்? தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவளுக்கு நான் இருக்கிறேன்.