காதைக் குத்துற சாக்ஸபோன்

நோக்கோ: இப்போ எப்படிடா இருக்கு?

லெசிபா: இன்னும் குத்துது. சாக்ஸபோனா வாசிக்கிறான்? தகரத்தை இல்ல கிழிக்கிறான்!

நோக்கோ: ஆங்?

லெசிபா: தகரம்! தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருக்குன்னேன்! உனக்குக் காது என்ன...

நோக்கோ: எனக்கு நல்லாத்தான் கேக்குது. ஸ்பீக்கரை நகர்த்தியாச்சு, வயரை மாத்தியாச்சு, ரெக்கார்டு ஊசிகூட என் வீட்டு ஊசி. இன்னும் என்னதான் பண்ணச் சொல்றே?

மபூலா: எதையாவது பண்ணுங்க அண்ணே. ஆனா என் கம்பளியை மட்டும் சுவத்துலேருந்து எடுத்துக் கொடுங்க.

லெசிபா: அது இருக்கட்டும். வெறும் சுவத்துல பட்டுச் சத்தம் திரும்புது.

மபூலா: கம்பளி போச்சு, மெத்தை போச்சு... இனிமே சுவத்துல மாட்டறதுக்கு நான் ஒருத்திதான் பாக்கி.

நோக்கோ: மாட்டிடாதேடா. அடுப்புல வேகற குடலை யார் பாக்கறது?

லெசிபா: சிரிங்க, நல்லா சிரிங்க. ரெண்டு மணிக்கு நம்ம ஜாஸ் கிளப்பு மொத்தமும் இங்கே வந்து நிக்கும். போதாததுக்கு அட்டரிட்ஜ்வில் ஊரு கிளப்பு ஆளுங்க வேற, கோட்டும் ரெண்டு கலர் ஷூவுமா. மமெலோடியிலேயே காது உள்ளவன் லெசிபாதான்னு கேள்விப்பட்டு வராங்கடா! அவங்க முன்னாடி இந்தத் தகரம் பாடினா...

நோக்கோ: மானம் போயிடும்.

லெசிபா: போறதாவது! கப்பலேறிடும். மபூலா, அந்தத் தட்டை மெதுவா வையேன்! மண்டைக்குள்ள அடிக்குது.

மபூலா: ஒரே ஒரு தட்டுங்க. அதுவும் பிளாஸ்டிக்.

லெசிபா: காலையிலேருந்து உன் செருப்பு வேற கிரீச் கிரீச்சுனு...

நோக்கோ: ஆங்? செருப்புமா?

மபூலா: செருப்பு, பேப்பர், எதிர்வீட்டுச் சேவல், எல்லாமே இவருக்குக் குத்துதாம்.

நோக்கோ: ஏண்டா, சேவலையும் உன் ஆம்ப்ளிஃபையர்ல சொருகியிருக்கியா?

மபூலா: சொல்லிடுங்க.

லெசிபா: நீ சும்மா இரு.

மபூலா: இந்த வெயில்ல காதை மூடிக் கம்பளித் தொப்பி எதுக்குன்னு அண்ணன் கேக்காமலா போவாரு?

நோக்கோ: அதானே! எடுடா தொப்பியை. எடுன்னா... அட! காது மெஷினா?

லெசிபா: கத்தாதேடா! வியாழக்கிழமைதான் டாக்டர் மாட்டி விட்டாரு. வருஷக்கணக்கா காது கொஞ்சம் கொஞ்சமா போய்க்கிட்டே இருந்திருக்காம். வெளியே சொன்னே, அப்புறம் நீ எனக்கு சிநேகிதனே இல்ல.

நோக்கோ: சரி, அவங்க வர்றப்போ கழட்டி வெச்சுடேன்.

லெசிபா: கழட்டினா அவங்க பேசறது எதுவும் கேக்காது. போன தடவை நம்ம கிளப்பு ஆளுங்க என்ன கேட்டாலும் தலையாட்டியே சமாளிச்சேன். காதுக்காரனுக்கே காது போச்சுன்னு தெரிஞ்சா... பயமா இருக்குடா நோக்கோ. இந்த ஞாயித்துக்கிழமை பாட்டை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?

மபூலா: நான் இருக்கேன்.

லெசிபா: நீ இருக்கே... அதைச் சொல்லலே.

நோக்கோ: உங்க சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. ஆம்ப்ளிஃபையர்ல கீச்சுச் சத்தத்தைக் கூட்டற அந்த ட்ரெபிள் திருகு எங்கே நிக்குது?

லெசிபா: எப்பவும் போல முழுசா ஏத்தி, கடைசியில. அதைத் தொடாதே! என் காதுக்குன்னு பாத்துப் பாத்து வெச்சது.

நோக்கோ: எந்தக் காதுக்கு? பழைய காதுக்கா, புதுக் காதுக்கா? நடுவுல கொண்டு வரேன். இப்போ?

லெசிபா: அடப்பாவி... சாக்ஸபோன்காரன் மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குதுடா! குத்தவே இல்ல!

நோக்கோ: இரு, நானும் கேக்கறேன்.

லெசிபா: இவ்வளவு நேரமும் கேட்டுக்கிட்டுத்தானே... டேய், காதுலேருந்து என்னடா எடுக்கறே?

நோக்கோ: பஞ்சு.

லெசிபா: பஞ்சா?

நோக்கோ: உன் வீட்டுக்கு வர்றப்போ இந்தத் தகரச் சத்தம் தாங்காம வெச்சுக்கறதுதான். நான் மட்டும் இல்ல, கிளப்பே வெச்சுக்கும்.

லெசிபா: மொத்தக் கிளப்புமா? அத்தனை பேருக்கும் பஞ்சு எங்கேருந்துடா வரும்?

நோக்கோ: அதைத் தங்கச்சியைக் கேளு. வாசல்ல நின்னு இஞ்சி பியரோட கொடுக்கறது அதுதான்.

லெசிபா: மபூலா!

மபூலா: என்ன பண்ணச் சொல்றீங்க? கண்ணை மூடிப் பாட்டு கேக்கறப்போ உங்க முகத்தைப் பாக்கணுமே... அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனசு வரலே. அதான் ஊர்க் காதையெல்லாம் அடைச்சேன்.