முதலில் ஊசி, பிறகு இனிப்பு

மீன் எண்ணெய் மாத்திரையை ஃபிரிட்ஜில் வைத்திருந்து கொடுத்தால் நாள் முழுக்க ஏப்பம் வராது. துத்தநாக மாத்திரையை மட்டும் வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, குமட்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது உதவும் என்று சொல்கிறேன், சார்ஜென்ட். பதிவுக் கருவியை மேசையில் வைத்துவிட்டுத் தேநீரைத் தொடாமலே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆறிவிடும்.

என் பெயர் நொலீன். வயது அறுபத்து மூன்று. இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு ஒன்பது வருடமாக இந்த வீடுதான். குடியை விட வந்தவர்கள் பத்துப் பதினோரு பேர் எப்போதும் இங்கே தங்கியிருப்பார்கள். முன்னால் மரே ஆறு, பின்னால் ஆரஞ்சுத் தோப்பு. டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார். மற்றபடி சமையல், காலை மாத்திரைத் தட்டு, ஊசி எல்லாம் என் பொறுப்பு.

மனவுறுதி இருந்தால் போதும், குடியை விட்டுவிடலாம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். மனவுறுதி கிடக்கட்டும், முதலில் இந்த ஈரல் வறுவலைச் சாப்பிடு என்பேன் நான். குடி ஒரு மனுஷனை உள்ளுக்குள் சுரண்டி வைத்துவிடுகிறது. அதில் பெரிய இழப்பு பி-ஒன்று வைட்டமின். பட்டினியாகக் கிடந்து வருகிறவனுக்கு அதைக் கொடுப்பதற்கு முன்னால் இனிப்பைக் கொடுத்தால், மிச்சம் மீதி இருக்கும் கொஞ்சத்தையும் அந்தச் சர்க்கரை தின்றுவிடும். முதலில் கண் ஆடும், பிறகு கால் தள்ளாடும். அத்தோடு விட்டுவிட்டால் மூளையில் புது நினைவு தங்கும் இடமே போய்விடும். அதனால் முதலில் ஊசி, பிறகு இனிப்பு. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியவளே நான்தான். "நொலீன்கிட்ட கேக் வேணும்னா முதல்ல பேன்ட்டைக் கழட்டணும்டா" என்று புதிதாக வருகிறவர்களிடம் லாய்ட் சொல்வான். லாய்ட் முன்பு லாரி ஓட்டியவன், இங்கே நீண்ட நாள் தங்கியவர்களில் ஒருவன்.

என் தம்பி டெஸ் இந்த வீட்டுக்கு ஆறு தடவை வந்தான். வேலி போடும் தொழில், நல்ல கைகாரன். முதல் ஐந்து தடவையும் பத்தே வாரத்தில் தேறினான். என் தட்டும் என் சாப்பாடும் அப்படி. கன்னத்தில் சதை பிடித்து, கை நடுக்கம் நின்று, மற்றவர்களைக் கேலி செய்ய ஆரம்பித்துவிடுவான். அப்படியென்றால் பெட்டியைக் கட்டப் போகிறான் என்று அர்த்தம்.

தேறியவர்கள் போய்விடுவார்கள், சார்ஜென்ட். வேறு என்ன செய்வார்கள். ரோனா என்று ஒரு டீச்சர் இருந்தாள். நான் பார்த்ததிலேயே நன்றாகத் தேறியவள் அவள்தான். மூன்று மாதத்துக்கான மாத்திரைகளைப் பையில் போட்டு, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்து, கட்டிப்பிடித்து அனுப்பினேன். பதினோராம் நாள் அவள் வீட்டுக் கதவை உடைத்துத் திறந்தபோது நானும் போயிருந்தேன். குடித்தே செத்துக் கிடந்தாள். பை முடிச்சு அவிழ்க்காமல் சமையல் மேடையில் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு அழுகை வருவதில்லை. வேலை மட்டும் எப்போதும்போல ஓடியது. டெஸ் விஷயத்தில் மட்டும் பயம் இருந்தது. அவனையும் ஒரு நாள் அப்படிப் போய்ப் பார்க்கப் போகிறேன் என்ற பயம். அதைத் தவிர எனக்குள் வேறு எதுவும் இல்லை.

போன வருடம் மே மாதம் அவன் மகள் கேசிடி, கடலுக்கு அந்தப் பக்கம் ஹோபார்ட்டிலிருந்து போனில் கூப்பிட்டாள். அவளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. அப்பாவுக்கு ஒரு அறை தயாராக இருக்கிறது, முழுசாகக் குடியை விட்டுவிட்டு வரட்டும் என்றாள். அப்போது இங்கே தேறியிருந்த டெஸ் கிளம்பினான். ஆற்று வளைவில் நிற்கும் தான் குடியிருந்த கேரவன் வண்டியைக் காலி செய்துவிட்டு வருகிறேன் என்று போனவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஆகஸ்ட் கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர் அவனை வண்டியின் பின்பக்கம் படுக்க வைத்துக் கொண்டு வந்தார். மூன்று வாரமாகச் சோறு தண்ணி இல்லை, குடிதான். குடித்ததும் வாந்தியாகப் போயிருந்தது. உடம்பைத் தூக்கினால் கோழி எடைதான் இருந்தது.

கட்டிலில் போட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, இதுதான் கடைசி. என்னை நேராக்கி விட்டுரு. ஹோபார்ட் போயிருவேன். பாப்பாவைத் தூக்கணும்க்கா."

அவன் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஊசி போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். மருந்துக் குப்பி அப்போது என் கையில் இருந்தது. பத்து வாரத்தில் தேறுவான், கிளம்புவான், ஹோபார்ட்டில் ஏதாவது ஒரு அறையில் கேசிடி கதவை உடைப்பாள் என்று தோன்றியது. கோபமோ பதற்றமோ எதுவும் இல்லை. குப்பியைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். சர்க்கரைப் பாகில் வேகவைத்த மாவு உருண்டை மதியம் செய்தது மிச்சம் இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது பிடிக்கும். நான்கு கரண்டி சர்க்கரை போட்டுத் தேநீரும் கலந்தேன். அவனால் கரண்டி பிடிக்க முடியவில்லை, நானே ஊட்டிவிட்டேன். ஊசி போட்டதாக அவன் மருந்து அட்டையில் டிக் செய்தேன். அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான்.

இரண்டாம் நாள் எழுந்து கழிப்பறைக்குப் போனவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்மணி பக்கவாட்டில் துடித்தது. வேறு எந்த வீடாக இருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பார்கள். இந்த வீட்டில் ஒருவன் தள்ளாடினால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. இங்கே இருக்கிற எல்லோருமே ஒரு காலத்தில் பாட்டில் ஒளித்தவர்கள். தள்ளாடுகிறவன் ஊதிக் காட்ட வேண்டும் என்பது வீட்டு விதி. அதனால் டெஸ்ஸை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, குடித்த அளவு காட்டும் கருவியை வாயில் வைத்து ஊதச் சொன்னேன். பூஜ்யம் காட்டியது. வெளியே வந்து, கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னேன்.

"எனக்கு அப்பவே தெரியும். எங்கயோ சொருகி வச்சிருக்கான் படுபாவி" என்றான் லாய்ட்.

நான்கு பேராகச் சேர்ந்து பாட்டிலைத் தேடினார்கள். கழிப்பறைத் தொட்டிக்குள், மெத்தைக்கு அடியில், தோப்பில் மரம் மரமாக. கிடைக்கவில்லை. கிடைக்காததால் டெஸ் கெட்டிக்காரன் என்று அவன் மீது மரியாதை கூடியது. நாங்களும் எத்தனையோ இடத்தில் ஒளித்தோம், இந்தத் திறமை வரவில்லையே என்று சாப்பாட்டு மேசையில் சிரித்தார்கள். நானும் அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

டெஸ்ஸுக்கு மட்டும் குழப்பம். அன்று சாயங்காலம் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு கேட்டான்.

"நான் குடிச்சேனாக்கா?"

"ஆமாடா."

"எப்ப குடிச்சேன்?"

"உனக்கு ஞாபகம் இல்ல. தூங்கு."

நான்காம் நாள் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பி-ஒன்று கொடுத்தீர்களா என்று அங்கே கேட்டார்கள். அட்டையைக் காட்டினேன். அவர்களும் நிறையக் கொடுத்துப் பார்த்தார்கள். கண் ஆடுவது நின்றது, நடை ஓரளவு சரியானது. மற்றது திரும்பவில்லை. திரும்பாது என்று எனக்குத் தெரியும், நான் நர்ஸ்.

இப்போது சமையலறைக்கு அடுத்த அறையில் இருக்கிறான். காலையில் தட்டு கொண்டு போனால் என்னைத் தெரிகிறது. சின்ன வயதுக் கதையெல்லாம் அச்சுப் பிசகாமல் சொல்வான். பத்து நிமிஷத்துக்கு முன்னால் நடந்தது மட்டும் தங்காது. ஹோபார்ட்டுக்கு எப்போது போகலாம் என்பான், நாளைக்கு என்பேன், சரி என்று சந்தோஷமாகச் சாப்பிடுவான். பதினான்கு மாதமாக ஒரு சொட்டு தொடவில்லை. இந்த வீட்டில் வேறு யாரும் இத்தனை நாள் தாக்குப்பிடித்ததில்லை.

ஈஸ்டருக்குக் கேசிடி வந்தாள். குழந்தையை அவன் மடியில் வைத்தாள். அவன் அதன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். தேநீர் எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள், இது யாரு பிள்ளை, நல்லா இருக்கே என்று அவளிடமே கேட்டுக்கொண்டிருந்தான். அவள் என் தோளில் சாய்ந்து, நீங்க இல்லேன்னா அப்பா என்ன ஆயிருப்பார் அத்தை என்று தேம்பினாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

ஊதும் கருவி பழைய அளவுகளை எல்லாம் சேமித்து வைக்கும் என்று எனக்குத் தெரியாது. போன மாதம் அது பழுதாகி, சரிசெய்தவர்கள் பழைய பட்டியலையும் சேர்த்து அனுப்பினார்கள். டெஸ் குடித்ததாக நான் சொன்ன தேதியில் பூஜ்யம் இருந்ததை டாக்டர் பார்த்துவிட்டார். அவர் உங்களைக் கூப்பிட்டது சரிதான், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். ஊசியை நிறுத்தினேன், இனிப்பை ஊட்டினேன், குடித்தான் என்று பொய் சொன்னேன். அவனிடமிருந்து இதை மறைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அவனிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னேன். கோப்பையைச் சுவரில் வீசினான். கேசிடிக்கு போன் போடு, போன் போடு என்றான். அவன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. வெளியே வந்து கெட்டில் கொதிக்கும்வரை நின்றேன். திரும்பப் போனபோது, சுவரில் என்னக்கா கறை என்று கேட்டான்.

துடைத்துவிட்டு, வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். ரோனாவிலிருந்து ஆரம்பித்தேன். அப்போதும் அவன் ஏற்கவில்லை. அடுத்த வாரம் எங்கள் அம்மா பேச்சிலிருந்து ஆரம்பித்தேன். எந்த வார்த்தைக்கு அவன் முகம் மாறுகிறது என்று பார்த்து, அதை எடுத்துவிட்டுச் சொன்னேன். பதினேழாவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டு, பரவால்லக்கா, நீ எனக்கு நல்லதுதானே செஞ்சிருப்ப என்றான்.

அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. அவன் மன்னித்துவிட்டான் என்று எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட்.