தூக்குப்பாலத்து மணி

கோப்பி நன்றாக இருக்கிறது, ரைட்டர் ஐயா. சர்க்கரைதான் ஒரு கரண்டி தூக்கல். எழுதிக்கொள்ளுங்கள், என் பெயர் மீரா லெப்பை. மலாக்கா ஆற்றுத் தூக்குப்பாலத்துக்குப் பதினாறு வருடமாக நான்தான் காவல்.

அது என்ன பெரிய வேலை என்று ஊரில் ஏளனம் பேசுவார்கள். பேசுகிறவன் ஒரு நாள் வந்து சங்கிலியை இழுத்துப் பார்க்கட்டும். பாய்மரத்தோடு தொங்கான், அதுதான் சரக்குப் படகு, வந்தால் பாலத்துப் பலகையைத் தூக்க வேண்டும். அது போனதும் இறக்கிவிட்டு மூன்று தடவை மணி அடிக்க வேண்டும். மூன்று மணி கேட்டால் நடக்கலாம். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இப்போது ரயில் வரப்போகிறது. ஸ்டேஷனை என் குடிசை இருக்கும் கோட்டைப் பக்கம் கட்டுவதாகப் பேச்சு. கட்டினால் அக்கரையில் இருக்கும் காஜா பெராங் ஆட்கள் என் பாலத்தைக் கடந்துதான் ரயிலேற வேண்டும். அது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஸ்டேஷன் எங்கள் கரையில்தான் வேண்டும் என்று, அங்கே தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியிலிருந்து ஒரு மனு கிளம்பியது. கிளப்பியவர் தெய்வநாயகம் பிள்ளை. நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய். தமிழில் நாலு வார்த்தை கேட்டால் திருதிருவென்று விழிப்பார். இரண்டு கண்ணிலும் புரை, எதிரே மாடு நின்றாலும் தெரியாது. அவருக்கு ஸ்டேஷன் எங்கே இருந்தால் என்ன?

மனுவில் எழுதியிருந்ததை எனக்கே படித்துக் காட்டினார்கள். பாலக்காவலன் தன் இஷ்டத்துக்கு மணி அடிக்கிறான், அவன் மணியை நம்பி யாரும் ரயிலைப் பிடிக்க முடியாது. கீழே இருநூறு கைநாட்டு. அந்த மணியைக் கேட்டுத்தான் வாரம் தவறாமல் கைத்தடியோடு பாலத்தைக் கடந்தார் அந்த மனுஷர். ஸ்டேஷன் அவர்கள் பக்கம் போனால் காவல் எதற்கு என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்தான். ஆனால் அதற்காக இல்லை. என் மணியைப் பற்றி எழுதினாரே, அதற்காகத்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், ரயில் துரை மனு வாங்கக் கோட்டைப் பக்கம் வந்திருந்தார். நல்ல மழை. பாலத்தருகே ஈ காக்கை இல்லை. தொங்கான் ஒன்று அப்போதுதான் தாண்டியிருந்தது. பலகை என் பக்கம் நிமிர்ந்து நின்றது, அக்கரையை ஒட்டி வெறும் தண்ணீர். பிள்ளை மனுவை எண்ணெய்த் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அக்கரை ஓரத்தில் வந்து நின்றார்.

“ஓய் மீரா, போலே ஜாலான்?”

போகலாமா என்று கேட்கிறார். மணி கேட்காமல் காலை எடுத்து வைக்கமாட்டார். நம்பிக்கை இல்லை என்பதெல்லாம் காகிதத்தில் மட்டும்.

மணியை அடித்தேன். மூன்று தடவை, வழக்கம்போல நிதானமாக.

“போலே,” என்றேன்.

“தெரிமா காசி, மீரா,” என்று நன்றி சொல்லிவிட்டு நடந்தார். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பலகையை இறக்கிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன். தொங்கான்காரன் திரும்பிப் பார்த்துத் தொலைத்தான். இல்லாவிட்டால் கிழவர் தவறி விழுந்தார் என்று நீங்களே எழுதியிருப்பீர்கள்.

மனு அவர் மார்பிலேயே இருந்ததாம், ஒரு எழுத்துக்கூட அழியவில்லையாம். துரை படித்துவிட்டு, ஸ்டேஷன் காஜா பெராங் பக்கமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பதினாறு வருடத்தில் என் மணி ஒரே ஒரு தடவைதான் பொய் சொன்னது. அதற்காக அவர் எழுதியது உண்மை என்று ஆகிவிடுமா, ஐயா?