அத்தைன்னா ஒட்டு, மாமான்னா தையல்

— உட்கார வரல, டீச்சர். நின்னபடியே ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போறேன். என் பொண்ணு பேரை உங்க ஞாயிறு பள்ளி ரெஜிஸ்டர்லேர்ந்து அடிச்சிடுங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி.

— மொதல்ல மூச்சு விடுங்க, பிரதர். ரெண்டு காதும் செவசெவன்னு இருக்கு. ஆஸ்பத்திரிக்கு இப்படி ஒருத்தர் வந்தா, பேரு கேக்கறதுக்கு முன்னாடி நான் பிரஷர் பாப்பேன்.

— நர்ஸ் வேலையை நாளைக்குப் பாருங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, இன்னைக்கு நீங்க டீச்சர். எம்பொண்ணுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க?

— போன வாரமா? மிஷனரி பாடம். ஆமா, புள்ள எங்க? வகுப்பு ஆரம்பிக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு.

— வெளியில ஸ்கூட்டர் மேல உட்காந்திருக்கா. இறங்கினா காலை ஒடிச்சிடுவேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க பேரை அடிச்சதும் வண்டியைத் திருப்பிடுவேன்.

— அப்படி என்ன பண்ணிட்டா?

— ஊழியம் பண்ணிட்டா, டீச்சர்! பட்டப்பகல்ல, நடுக்கடையில, ஊழியம் பண்ணிட்டா!

— நான் ஸ்தோத்திரம் சொல்லணுமா, வருத்தப்படணுமா?

— முழுசாக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க. நேத்து சனிக்கிழமை. பள்ளிக்கூடம் தெறக்கப் போற நேரம். செருப்புக் கடைக்காரனுக்கு வருஷத்துல அந்த ஒரு வாரம்தான் வாரம், மத்ததெல்லாம் வெறும் தேதி. ஹாஸ்டல் வார்டனம்மா வந்தாங்க. நம்ம சபை இல்ல, நம்ம வேதமும் இல்ல. ஆனா அங்க இருக்கற அத்தனை புள்ளைங்களுக்கும் கறுப்பு ஷூ என் கடையிலதான் எடுப்பாங்க. உட்கார வெச்சு, ஃபேனை அவங்க பக்கம் திருப்பி விட்டு, ஜில்லுன்னு தண்ணி கொடுத்து, சேல்ஸ்மேனைப் பாத்து, "அத்தையை இறக்கு"ன்னு சொன்னேன்.

— உங்க அத்தை மாடியிலயா இருக்காங்க?

— ஐயோ டீச்சர், அது கடை பாஷை! ஆளை எதிர்ல வெச்சுக்கிட்டு சரக்கோட தரத்தைத் தம்பட்டம் அடிக்க முடியுமா? எல்லாக் கடையிலயும் உள்ளுக்குள்ள ஒரு பாஷை ஓடும். எங்க அப்பா காலத்துலேர்ந்து எங்களுக்குச் சொந்தக்காரங்க பேரு.

— சரி. அத்தைன்னா என்ன?

— அது உங்களுக்கு எதுக்கு?

— பிரஷர் பாக்கணும்னா கையை நீட்டித்தான் ஆகணும், பிரதர்.

— அத்தைன்னா ஒட்டு. அடிப்பாகத்தைப் பசை போட்டு ஒட்டினது. மாமான்னா தையல். சுத்தி நூல் போட்டுத் தைச்சது.

— மழை பெஞ்சா?

— மாமா தாங்குவாரு.

— அத்தை?

— அத்தை... கொஞ்சம் வாயைத் தெறப்பாங்க.

— வார்டனம்மா என்ன கேட்டாங்க?

— "நல்லதாக் காட்டுங்க"ன்னாங்க.

— நீங்க அத்தையக் காட்டினீங்க.

— பளபளன்னு இருந்துச்சு, டீச்சர்! பாக்குறதுக்கு மாமாவை விட அத்தைதான் லட்சணம்! அந்தம்மாவும் கையில எடுத்துத் தடவிப் பாத்துட்டு, "சரி, இதையே போட்டுடுங்க"ன்னு சொல்ல வாயெடுத்தாச்சு. அப்பத்தான் உங்க சிஷ்யை எழுந்திரிச்சு வந்தா. அவபாட்டுக்கு ஓரமா உட்காந்து ஷூவுக்குள்ள காகிதம் திணிச்சிட்டிருந்தவ. நேரா வந்து, கையைக் கட்டிக்கிட்டு, பைபிள் வசனம் ஒப்பிக்கிற மாதிரி, "ஆன்ட்டி, எங்க கடையில அத்தைன்னா ஒட்டு, மாமான்னா தையல். நீங்க மாமாவைக் கேளுங்க"ன்னா.

— ம்.

— சிரிக்கிறீங்க.

— இல்லயே.

— தோள் குலுங்குதே! நான் குடும்பம் நடத்துறவன், டீச்சர். அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க. மெதுவாத் தண்ணி டம்ளரைக் கீழ வெச்சாங்க. "அப்போ போன வருஷம் எங்க புள்ளைங்க அத்தையைத்தான் போட்டுக்கிட்டு மழையில போச்சா?"ன்னு கேட்டாங்க. நான் வாயைத் தெறக்குறதுக்கு முன்னாடி இவ தலையை ஆட்டுறா! அந்தம்மா குடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எதிர்க் கடைக்குள்ள நுழைஞ்சாங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

— உங்க பொண்ணு?

— அவளா? "அப்பா, நான் மொழிபெயர்த்தேன்"ங்கிறா! பரிசு கேக்கற மாதிரி நிக்கிறா! "யாருடி உனக்கு இதச் சொல்லிக் கொடுத்தது?"ன்னா, "டீச்சர்". அதான் வந்தேன். இப்ப நீங்க சொல்லுங்க.

— சொல்றேன். ஊழியத்துக்குப் போறவங்க மொதல்ல அந்த ஜனங்களோட பாஷையைக் கத்துக்கணும்னு சொன்னேன். புரியாத பாஷையில நல்ல செய்தி சொன்னா அது வெறும் சத்தம்தான்னு சொன்னேன். "உங்கள்ல யாருக்காவது வேற பாஷை தெரியுமா?"ன்னு கேட்டேன். உங்க பொண்ணு கையைத் தூக்கினா. "எங்க கடையில ஒரு பாஷை இருக்கு, டீச்சர், வாங்க வர்றவங்க யாருக்கும் புரியாது"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுதான் நான் பண்ணின தப்பு. என்ன பாஷைன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும்.

— கேட்டு?

— சின்னம்மான்னா என்னன்னு தெரிஞ்சிருக்கும்.

— என்ன சின்னம்மா?

— போன மாசம் டியூட்டிக்கு வெள்ளை ஷூ வாங்க வந்தேன். என்னை உட்கார வெச்சு, ஃபேனைத் திருப்பி விட்டு, "சின்னம்மாவை எடு"ன்னு உள்ள பாத்துக் குரல் கொடுத்தீங்க. நான் வேற வெகுளியா, "உங்க சின்னம்மா நல்லா இருக்காங்களா, பிரதர்?"னு விசாரிச்சேன். "நல்லா இருக்காங்க டீச்சர், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தாங்க"ன்னீங்க.

— அது ஒரு பேச்சுக்கு...

— சின்னம்மான்னா என்ன, பிரதர்?

— விடுங்க டீச்சர், இப்ப அதுவா முக்கியம்?

— ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அதுல நிக்கிறேன். எனக்கு முக்கியம்.

— யாரோ ரெண்டு நாள் போட்டுப் பாத்துட்டுத் திருப்பிக் கொடுத்தது. பாலீஷ் போட்டா புதுசுதான்! ரெண்டு நாள்ல ஷூவுக்கு என்ன வயசா ஆகிடும்?

— அடேயப்பா. அதான் எடது கால் கட்டைவிரல் பக்கம் யாரோ ஏற்கெனவே குடியிருந்த மாதிரி இருந்துச்சா! நான் என் கால்லதான் கோளாறுன்னு டாக்டர்கிட்ட காட்டினேன்!

— நாளைக்கே கொண்டாங்க, மாமாவையே மாத்தித் தர்றேன். ஆனா ஒண்ணு, டீச்சர், நியாயமாப் பேசணும். ஊழியத்துக்கு நான் எதிரியா? சொல்லுங்க. இந்தச் செவுத்துல இருக்கே உலகப்படம், யாரு வாங்கிக் கொடுத்தது?

— நீங்கதான். சமுத்திரத்துல உங்க கடைப் பேரைப் போட்டிருக்கே. ஒரு தீவு அதுக்கடியில காணாமலே போச்சு.

— அது விளம்பரம் இல்ல, சாட்சி! ஊழியம்னா அங்கதான், அந்தப் படத்துல. மலையில, காட்டுல, கப்பல் ஏறிப் போற எடத்துல. அதுக்கு நான் வாரி வழங்குறேன். தவறாம ஜெபம் பண்றேன். ஆனா எங்கடைக்குள்ள எதுக்கு? கடைக்குள்ள என்ன காட்டுமிராண்டியா உட்காந்திருக்கான்?

— புள்ளைங்ககிட்ட மலையை மட்டும் காட்டினா, ஊழியம்ங்கிறது யாரோ பண்ற வேலைன்னு நெனச்சுக்கும். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட போகச் சொன்னேன். இனிமேலும் சொல்வேன்.

— அப்போ பேரை அடிங்க.

— அடிக்க மாட்டேன்.

— சரி, ஒண்ணு பண்ணுங்க. பேரு இருக்கட்டும். இன்னைக்கு வகுப்புல எல்லாப் புள்ளைங்களுக்கும் முன்னாடி, அவ பண்ணினது தப்புன்னு சொல்லுங்க.

— உண்மை சொன்னது தப்புன்னு ஞாயிறு பள்ளியிலயா சொல்லச் சொல்றீங்க?

— வகுப்பு வேணாம். என்கூட வார்டனம்மா வீட்டுக்கு வாங்க. ஏதோ புள்ள வெளையாட்டுக்குச் சொல்லிடுச்சு, பெரிசா எடுத்துக்காதீங்கன்னு ஒரு வார்த்தை.

— அதுக்குப் பேரு பொய்ச்சாட்சி.

— வர வேணாம், போன்ல சொல்லுங்க. அரை நிமிஷம்.

— பொய்ச்சாட்சியில அரை, முக்கால்னு அளவு இருக்கா, பிரதர்? என்னைப் பாத்தா அத்தை மாதிரி தெரியுதா? மழை பெஞ்சதும் வாயைத் தெறந்து நீங்க சொன்னதச் சொல்றதுக்கு?

— ரொம்பப் பேசுறீங்க! சரி, கடைசியாக் கேக்குறேன், இதுக்குக் கீழ எறங்க மாட்டேன். அட்டை கொடுத்தீங்களாமே, போன வாரம்?

— மிஷனரி அட்டை. ஆமா. ஆண்டவரை இன்னும் அறியாத ஒருத்தர் பேரை எழுதி, அவங்களுக்காக ஒரு மாசம் ஜெபம் பண்ணணும். எழுதி இந்தத் தகர டப்பாவுல போட்டிருக்காங்க.

— எம்பொண்ணு அட்டையைக் காட்டுங்க. அதுல வார்டனம்மா பேரைத்தான் எழுதியிருப்பா. அது மட்டும் என் கையில கெடைக்கட்டும், நேரா போதகர் ஐயாகிட்ட கொண்டு போறேன். வாங்க வர்றவங்கள மாத்துறதுக்கு நம்ம புள்ளைங்களை ஏவி விடுறோம்னு நாளைக்கு நாலு பேரு பேச மாட்டாங்களா?

— அதுல எழுதின பேரை யாருக்கும் சொல்ல மாட்டேன்னு புள்ளைங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.

— பேரைத்தானே? பேரு வரியை மடிச்சுக்கங்க. மிச்சத்தை மட்டும் நான் படிக்கிறேன். இதுக்கு மேல ஒருத்தன் விட்டுக்கொடுக்க முடியாது. படிச்சிட்டு, என் சந்தேகம் தப்புன்னா, புள்ளையை நானே கையைப் புடிச்சு உள்ள கொண்டாந்து விடுறேன். சரின்னா, இந்தப் பக்கமே வர மாட்டா. சம்மதமா?

— யாவாரம் பேசியே வளந்தவருகிட்ட நான் என்னத்தப் பேச. இருங்க, எடுக்கறேன். பின்பக்கம் புள்ளைங்க பேரு இருக்கும்... இது இல்ல... இதுவும் இல்ல... இந்தா, இதுதான்.

— மடிங்க, மடிங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். என்ன சத்தத்தையே காணோம்? மடிச்சாச்சா?

— பிரதர். வேணாமே. புள்ளையை இன்னைக்கு வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. அட்டையை இப்படியே உள்ள போட்டுடறேன்.

— பாத்தீங்களா! பேரைப் பாத்ததும் நீங்களே பின்வாங்குறீங்க! பேசினது பேசினதுதான். கொண்டாங்க இப்படி.

— சரி. உட்காந்து படிங்க. கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

— எதுல உட்கார்றது, இந்தக் குட்டி நாற்காலியிலயா? எழுந்திரிக்கறப்ப இதுவும் கூடவே வரும். என் கண்ணாடி எங்க... ஆங். "அவர் இருக்கும் இடம்." என்ன எழுதியிருக்கா? "எங்க செருப்புக் கடை." சொன்னேனா இல்லையா, டீச்சர்! நான் சொன்னேனா இல்லையா!

— படிங்க.

— "அவருக்குப் பிடித்தது." "நான் ஷூ லேஸை நானே கட்டினா ரொம்பப் பிடிக்கும்." இது என்ன? வார்டனம்மா எப்ப இவ லேஸ் கட்டுறதப் பாத்தாங்க? கடைக்கு வந்தப்போ பாத்திருப்பாங்க. "அவரை எப்படி அடையாளம் தெரியும்." "கோபம் வந்தா காது செவக்கும்." ஆமா, நேத்து அந்தம்மாவுக்குச் செவந்திருக்கும், நான் முகத்தைத்தான் பாத்தேன், காதைப் பாக்கல.

— அடுத்தது.

— "அவர் பேசும் மொழி." "கடை பாஷை." கடை பாஷையா? அந்தம்மாவுக்கு எங்க கடை பாஷை... நேத்துதானே மொத மொதல்ல... டீச்சர், இந்த அட்டையை எப்ப எழுதினாங்க?

— போன ஞாயிறு. வார்டனம்மா உங்க கடைக்கு வர்றதுக்கு ஆறு நாள் முன்னாடி. இன்னும் ஒரு வரி இருக்கு, பிரதர்.

— நீங்களே படிங்க. எனக்குக் கண்ணாடி சரியில்ல.

— "அவரிடம் போவது யார்." "நான்தான். அந்தப் பாஷை எனக்கு நல்லாத் தெரியும். எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு." மடிப்பைப் பிரிக்கட்டுமா, பிரதர்?

— பிரிக்காதீங்க, டீச்சர். நான் போயி அவளை ஸ்கூட்டர்லேர்ந்து இறக்கிட்டு வர்றேன்.