ரெண்டு கையும் தெரியணும்

— அதெல்லாம் கெடக்கட்டும்மா. தானா நிக்குமா? அதைச் சொல்லு.

— நிக்கும் ஆன்ட்டி. இந்தக் கவரைப் பின்னாடி மடிச்சா ஸ்டாண்டு. பாருங்க, கையை எடுத்துட்டேன். நிக்குதா?

— யோவ், பார்த்தியா? ஆளு புடிக்காமலே நிக்குது.

— நிக்கட்டும். புடிக்கத்தான் நான் கீறேனே. எதுக்கு தெண்டமா இது?

— அங்கிள், வீட்டு யூஸுக்கு இப்ப எல்லாரும் இந்த சின்ன டேப்லெட்தான் வாங்கறாங்க. படம் பார்க்கலாம், சமையல் வீடியோ பார்க்கலாம்...

— படமும் வோணாம், சமையலும் வோணாம். பத்து வருசமா சத்துணவுக் கூடத்துல நூறு புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடறேன், எனக்கு இது கத்துக்குடுக்குமா? உம்பேரு இன்னாம்மா?

— நவ்ரீன்.

— நவ்ரீனு, கேட்டுக்கோ. எங்க பொண்ணு மாயா ஓசூர்ல கீறா. அவளுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. கையாலதான் பேசுவா. மாப்ள வெற்றியும் அதே மாரிதான். தெனம் சாயங்காலம் வீடியோ கால் வரும். போனை ஒரு கையில புடிச்சிகினு இன்னொரு கையால எப்படிப் பேசறது? பாதி வார்த்தைக்கு ரெண்டு கை வோணும். ஒத்தக் கையால பேசிப் பாரு, சொல்ல வந்தது தொண்டையிலயே நின்னுடற மாரி இருக்கும்.

— அப்ப இவ்ளோ நாள் எப்படிப் பேசினீங்க?

— இந்தா, பெரிய மனுசன் நிக்கிறாரே. அசோகன். பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டுல பாயிண்ட்ஸ்மேன். ரெண்டு வருசமா போனை என் மூஞ்சிக்கு நேரா தூக்கிப் புடிச்சிகினு நிக்கிறாரு. அரை மணி நேரம், சில நாள் முக்கா மணி நேரம். கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னது கெடையாது.

— செம அங்கிள்! டிரைபாடு மாதிரி.

— ரைட்டு. வூட்லயே டிரைபாடு கீது. கெளம்பலாமா வேம்பு?

— உக்காரு. வியாசர்பாடிலேர்ந்து ராயபுரம் வரைக்கும் உன்னை இஸ்துகினு வந்தது பஸ்ஸுல வேடிக்கை காட்டவா?

— போனையே எதாச்சும் மேல சாய்ச்சு வைக்கலாமே ஆன்ட்டி?

— வெச்சேன்மா, அரிசி டப்பா மேல. வயுக்கினு வந்து சாம்பார்ல வுயுந்துச்சி. அதுவுமில்லாம அந்த சின்ன ஸ்கிரீன்ல அவ வெரலு எறும்பு மாரி கீது. எனக்குக் கண்ணு முன்ன மாரி இல்ல.

— அப்ப பத்து இன்ச் காட்டவா? நல்லா பெருசா தெரியும்.

— பெருசு வோணாம். எங்க ஹவுசிங் போர்டு வூட்ல அடுப்புக்கும் சொவத்துக்கும் நடுவுல ஒரு சாண்தான் எடம். அதுல குந்தணும். சோறு கொதிக்கறப்பவே நான் பேசணும். வூட்ல வைஃபை கிய்ஃபை ஒண்ணும் கெடையாது. சிம்மு போடற மாரி கீதா?

— இதுலயே போடலாம் ஆன்ட்டி. இந்த எட்டு இன்ச் கரெக்டா இருக்கும்.

— நான் இன்னா சொல்றேன்னா, போனு கீது, நானும் கீறேன். ரிட்டைர் ஆன பின்னால இன்னும் வசதியா புடிப்பேன்.

— புடிப்ப. பின்னாலயே நிப்ப. நவ்ரீனு, போனுக்குப் பின்னால நிக்கிறவன் மூஞ்சி எதிராளிக்குத் தெரியுமா, நீயே சொல்லு.

— தெரியாது.

— அதான். ரெண்டு வருசத்துல எம்பொண்ணு அவ நைனா மூஞ்சிய ஒரே ஒரு தபா பார்த்துக்கீறா. கொயந்த பொறந்தப்ப ஓசூர் போனாரு. வாசப்படி தாண்டல. ஆப்பிள் பையை நெலப்படியில வெச்சிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சின்னு திரும்பிட்டாரு.

— மெய்யாலுமே நேரம் ஆயிடுச்சி.

— ஆங், நீ ஏறலன்னா அந்த பஸ்ஸு ஓசூரை வுட்டே போவாது.

— குழந்தை இருக்கா ஆன்ட்டி? பேரு?

— எழில்மொழி. ஏயு மாசம். டெஸ்ட்டு எல்லாம் எடுத்தாச்சி, அவளுக்கு நல்லா காது கேக்குது. வெளிய லாரி ஆரன் அடிச்சா திரும்பிப் பார்க்கிறா.

— அப்ப சந்தோசம்தானே!

— சந்தோசந்தான். ஆனா அந்த வூட்ல வாயால பேச யாரு கீறாங்க? அப்பனும் ஆத்தாளும் கையால கொஞ்சுவாங்க. கொயந்த காது சும்மா கெடக்குது. போன வாரம் மாயா நேராவே சொல்லிட்டா. "நைனாவை எதிர்ல உக்காரச் சொல்லு, தெனம் கொயந்தைகிட்ட பேசச் சொல்லு, அவருக்குத்தான் நல்லா வாய் கீதே"ன்னா. நான் சமைச்சிகினு, அவகூட கையால பேசிகினு, கொயந்தைக்கு வாயால கதையும் சொல்ல முடியுமா? அதான் இதை வாங்க வந்தேன். இது நிக்கட்டும், இவரு உக்காரட்டும்.

— இதுக்கா அங்கிள் யோசிக்கிறீங்க? பேத்திகிட்ட பேசறது எவ்ளோ ஜாலி!

— எனக்கு அதெல்லாம் வராதும்மா.

— வராதா? யார்டுல ரெண்டு பொட்டிக்கு அந்தாண்ட கீற டிரைவருகிட்ட நாள் பூரா கொடிய ஆட்டி, கைய ஆட்டி பேசற ஆளு. அவருக்கு வராதாம்!

— அது வேற. அங்க மூணே வார்த்தை. வா, போ, நில்லு.

— பெத்த பொண்ணுகிட்ட அந்த மூணையாச்சும் காட்டியிருக்கியா நீ?

— எதிர்ல உக்காந்தா கைய எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியல வேம்பு. போனைப் புடிச்சா கைக்கு ஒரு வேலை கீது.

— அப்ப அங்கிளுக்குக் கைப் பேச்சு தெரியாதா?

— தெரியாது. ஆரம்பத்துல எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. அப்பறம் நான் மாயாவைக் காது கேக்காத புள்ளைங்க இஸ்கூல்ல வுட்டுட்டு, கேட்டாண்ட நின்னு மத்த புள்ளைங்களைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கினேன். அதுக்கு முன்ன, மாயாவுக்கு அஞ்சு வயசுல, பேச்சு வரவைக்கிறேன்னு ஒருத்தர் இருந்தாரு. அவராண்ட இட்டுகினு போனோம். கைய ஆட்ட வுட்டா வாயே தொறக்காது, கையக் கட்டி வெய்யிங்கன்னாரு.

— கட்டினீங்களா!

— கட்டினேன். நான்தான். துண்டால, ரெண்டு மணிக்கட்டையும் சேர்த்து. ஒரு மாசம் தெனமும் சோறு துன்ன மட்டும் அவுத்து வுடறது.

— வேம்பு.

— இன்னா? நடந்ததுதான?

— கடையில வந்து எதுக்கு அதெல்லாம்?

— சொன்னா இன்னா? மாயாவே போன வருசம் கேட்டா. "எனக்குத் துண்டு ஞாபகம் கீது, கட்டின ஆளு ஞாபகம் இல்ல. யாரு?"ன்னா. நான்தான்னு சொன்னேன். நாலு நாளு கால் பண்ணல. அஞ்சாம் நாளு பண்ணா. பெத்தவ நான்தான, அவ எங்க போவா?

— பாவம் ஆன்ட்டி நீங்க.

— எனக்கு இன்னாம்மா பாவம். வுடு அதை. கவரு எந்த எந்தக் கலர்ல கீது?

— நீலம், கறுப்பு, ரோஸ்...

— யம்மா. இதுக்கு கேமரா எங்க கீது?

— அங்கிளே கேக்குறீங்களா? இதோ, இங்க.

— ஓரத்துல கீதே. படுக்க வாட்டத்துல நிக்க வெச்சா நான் ஒரு பக்கமா ஒதுங்கித் தெரிவேன்ல?

— கொஞ்சம் சைடுலதான் தெரியும் அங்கிள்.

— அப்ப இது வோணாம். கேமரா நடுவுல இருக்கிறதைக் காட்டு. ரெண்டு கையும் தெரியணும்.

— அடேங்கப்பா. இவ்ளோ நேரம் கெளம்பணும்னு நின்ன ஆளு!

— நீ கம்முனு இரு. யம்மா, அதை ஆன் பண்ணு. என்னைக் காட்டு. ம். இங்கேர்ந்து பார்த்தா மொயங்கை வரைக்கும்தான் வருது. இப்பிடித் தள்ளி உக்காந்தா?

— இப்ப முழுசா வருது அங்கிள். தலையிலேர்ந்து மடி வரைக்கும்.

— கைய வேகமா ஆட்டறேன், பாரு. கோடு கோடா இயுக்குது. எது எந்த வெரலுன்னே தெரியல.

— இது கம்மி வெலை மாடல், அதான். இன்னொண்ணு இருக்கு, அதே சைசுதான், கேமரா நல்லாருக்கும். இப்ப ஆட்டுங்க.

— ஆங். அஞ்சு வெரலும் தனித்தனியா தெரியுது. லைட்டு கம்மியா இருந்தா?

— ட்யூப் லைட்டை ஆஃப் பண்ணவா? பாருங்க. தெரியுதா? நாலு வருசமா இங்க வேலை பார்க்கிறேன் அங்கிள், கையை ஆட்டி யாருமே டேப் வாங்கினதில்ல.

— யோவ், உனக்கு எதுக்குக் கை? நீ கொயந்தைக்கு வாயால கதை சொல்லப் போற. மூஞ்சி தெரிஞ்சா பத்தாது?

— பத்தாது. இதுல இப்பவே கால் போட முடியுமா?

— எங்க கடை நெட்டுல போட்டுப் பார்க்கலாம் அங்கிள். ஆன்ட்டி நம்பரைப் போட்டா ஒரு ஓடிபி வரும், அதை எனக்குச் சொல்லணும்.

— இப்பவா? இங்கயா? வூட்டுக்குப் போயி நிதானமா...

— இப்ப. இங்க. வூட்டுக்குப் போனா எனக்கு ஓடிப்போவத் தோணும். மாயா இருப்பா இல்ல?

— இருப்பா. வெற்றிக்குத்தான் இன்னிக்கு ஷிஃப்ட்டு. இன்னாய்யா ஆச்சி உனக்கு? மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கீது.

— ஒண்ணும் ஆவல. நீ தள்ளு.

— எங்க தள்றது? நான் பக்கத்துல உக்காந்தாதான நீ சொல்றதை அவளுக்குக் கையால சொல்ல முடியும்?

— வோணாம். டேப்புக்கு அந்தாண்ட போயி நில்லு. தெனம் நான் நிக்கிற எடத்துல.

— நான் புடிக்கணுமா? அதான் தானா நிக்குதே!

— புடிக்க வோணாம். சும்மா நில்லு. நின்னு என்னைப் பாரு.

— ஆன்ட்டி, ரிங் போகுது... எடுத்துட்டாங்க! ஐயோ, குழந்தை மடியில இருக்கு, செம க்யூட்டு! அக்கா அங்கிளைப் பார்த்துட்டு வாயைப் பொத்திக்கிட்டாங்க. பேசுங்க அங்கிள், எழில்னு கூப்பிடுங்க. பாப்பா திரும்பும்.

— இரும்மா. வாயால பேசறதுக்கு முன்ன வேற ஒண்ணு கீது.

— இன்னா கீது? யோவ்? கைய இன்னா பண்ற? அது... அது அவ பேருக்குக் காட்டறது. கன்னத்துல வெரலு வெச்சி... "மாயா"ங்கற. "சின்னதுல"ங்கற. "அஞ்சு வயசு"... யோவ், யாருய்யா சொல்லிக்குடுத்தா உனக்கு?

— அப்பறம் சொல்றேன். பேசிகினு கீறேன்ல.

— ஆன்ட்டி, என்ன சொல்றாரு அங்கிள்? ரெண்டு மணிக்கட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வெக்கிறாரு. மேல சுத்திச் சுத்திக் காட்றாரு. அக்கா அசையவே இல்ல. அவரு கையையே பார்த்துட்டிருக்காங்க.

— வோணாம்யா. நிறுத்து. கொயந்த கையில கீது அவளுக்கு. அது முடிஞ்ச கதை. கட்டினது நான்னு அவகிட்ட எப்பவோ சொல்லிட்டேன், அவளும் என்னை மன்னிச்சி வுட்டுட்டா. இப்ப எதுக்கு உன் நெஞ்சைத் தொட்டுக் காட்டற?

— நீ அவகிட்ட அந்தப் பொய்யைச் சொன்ன அன்னிக்கும், உன் கைக்கு எதிர்ல போனைப் புடிச்சிகினு நின்னது நான்தான் வேம்பு.