தாய் முயல் வைத்த அடையாளம்

ஈப்போவிலிருந்து பீடோர் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கை அக்காவின் காதில் பிளாஸ்திரி இருந்தது. பக்கத்திலிருந்த தம்பி என்னவென்று கேட்டார்.

"வளக்கிற முயல் கடிச்சிருச்சி. ஆஸ்பத்திரியில ஒடம்பு முழுக்கப் பாத்துட்டு வாரேன்."

"காதுக்கு எதுக்குக்கா ஒடம்பு முழுக்க?"

"ஆண்குட்டிங்கள பத்து வாரத்துல திருப்பிப் பாப்பேன். ஆண்குறி பொளந்திருந்தா இனம் பெருக்க ஆவாது, காதுல வெட்டி அடையாளம் வச்சி கறிக்கு ஒதுக்கிருவேன். இப்ப பொறந்த வாரமே தாய் முயல் சில குட்டிங்க காதக் கடிச்சி வைக்குதுலா. பின்னாடி பாத்தா, அதுங்களுக்குத்தான் பொளவு. ஒண்ணுகூடத் தப்பல. அந்தத் தாய் முயல்தான் இப்ப என் காதயும் கடிச்சிருக்கு."

கோப்பெங்கில் பஸ் நின்று கிளம்பியது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒரு கொறையும் இல்லன்னாரு."

"அப்புறம் என்னக்கா பயம்?"

"குட்டிங்களும் மொதல்ல நல்லாத்தான் இருக்கும். பத்து வாரம் போவட்டும்."